கைமடிக்கும் கட்டிங்குக்கும் நடுவே

திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோழர்களுக்கு,

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தியாளர் சங்கங்களோடு பல சுற்று உட்கார்ந்து, முறைத்துக்கொண்டு எழுந்துபோய், திரும்ப வந்து, கடைசியில் நீங்கள் கையெழுத்திடும் சம்பள ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் கிடைக்கும் உயர்வு போதுமா, போதாதா என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கேள்வி அந்த உயர்வு ஏறி உட்காரும் அடிச்சம்பளத்தைப் பற்றியது. இந்த வேலைக்கு இவ்வளவு, அந்த வேலைக்கு அவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கிறதே, அந்த வரிசையை எந்த அளவுகோலை வைத்துப் போட்டார்கள்? பஞ்சப்படிக்கும் பயணப்படிக்கும் பைசாக் கணக்குக் கேட்பவர்கள் நீங்கள். இந்த வரிசை மட்டும் பழைய தாளிலிருந்து புதிய தாளுக்கு எந்தக் கேள்வியும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒப்பந்தத் தாளில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங் ஆகியவை மேலே நிற்கின்றன. செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ், அடுக்கிக் கட்டுவது என்று கீழே இறங்க இறங்க ஷிப்டுச் சம்பளமும் இறங்குகிறது. தாளை மூடிவிட்டு ஏதாவது ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால், தாளில் எழுதாமல் விட்டது கண்ணில் படும். கட்டிங் டேபிளைச் சுற்றி ஆண்கள். அயர்ன் டேபிளில் ஆண்கள். நிட்டிங் மெஷினிலும் சாயப்பட்டறையிலும் ஆண்கள். செக்கிங் மேசையில் வரிசையாகப் பெண்கள். பவர்டேபிளில் டெய்லருக்குப் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக நிற்பவரும் பெண். டெய்லர் வேலை ஒன்றில்தான் இருபாலரும் கலந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரையும் மேய்க்கும் சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண். விதிவிலக்குகள் இருக்கின்றன, விதியை மறைக்கும் அளவுக்கு இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரே மெஷினில் உட்காரும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற பழைய அநியாயத்தைச் சட்டம் ஓரளவு பிடித்துவிடும். வேலையையே இரண்டாகப் பிரித்து, பெண்கள் நிற்கும் பக்கத்துக்குக் குறைந்த விலை போட்டுவிட்டால் எந்தச் சட்டமும் எளிதில் கிட்ட வராது. கூலி வித்தியாசத்தில் பெரும் பங்கு இப்படித்தான், சம்பளக் கவர் ஒட்டப்படுவதற்கு வெகு முன்னால், வேலையை வகைப்படுத்தும் இடத்திலேயே உண்டாகிவிடுகிறது. அந்த வகைப்பாட்டில் முதலாளிகளோடு சேர்ந்து உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. மடல் உங்களுக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

சட்டத்தின் கை எதுவரை நீளும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசமைப்பின் 39ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது; அந்தத் தொகுப்பு 2025 நவம்பரில் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டமும் புதிய தொகுப்பும் தடுப்பது ஒரே வேலையில், அல்லது ஒத்த தன்மையுள்ள வேலையில் காட்டப்படும் பாகுபாட்டைத்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கை 1951லேயே இதைவிட ஒரு படி மேலே போய், வேலைகள் வேறுவேறாக இருந்தாலும் அவற்றின் மதிப்பு சமமானால் ஊதியமும் சமமாக வேண்டும் என்றது. இந்தியா 1958இல் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டதைத் தன் சட்டத்தில் முழுதாக எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே செக்கிங் பெண் ஒருவர் கட்டிங் மாஸ்டரோடு தன்னை ஒப்பிட்டு வழக்குப் போட்டால், இரண்டும் ஒத்த வேலையே இல்லை என்று முதல் வாய்தாவிலேயே எதிர்த் தரப்பு சொல்லிவிடலாம்.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. 1981இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஏர் இந்தியா வழக்கில், விமானப் பணிப்பெண்களும் ஆண் பணியாளர்களும் ஒரே விமானத்தில் ஏறக்குறைய ஒரே பணியைச் செய்தார்கள். ஆனால் ஆளெடுப்பும் பதவி உயர்வும் ஓய்வு வயதும் வேறுவேறு என்பதால் அவர்கள் தனித்தனி வகுப்பினர், ஒப்பிட முடியாது என்றது தீர்ப்பு. பிரித்து வைத்ததே பிரிவினைக்கு நியாயம் ஆகிவிட்டது. முதல் கர்ப்பத்தோடு வேலையை விட்டு அனுப்பும் விதியை அதே தீர்ப்பு அடித்துத் தள்ளியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டு கழித்து, 1987இல், மெக்கின்னன் மெக்கன்சி கப்பல் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தாளர் ஆட்ரி டி'கோஸ்டா தொடர்ந்த வழக்கில் நீதிமன்றம் வேறு கண்ணால் பார்த்தது. உயர் அதிகாரிகளிடம் வேலை செய்யும் பெண் சுருக்கெழுத்தாளர்கள் தனி வகை என்றது நிறுவனம். அந்த இருக்கையில் பெண்கள் மட்டுமே இருப்பது நிர்வாகம் அப்படி வைத்திருப்பதால்தான், அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது என்றது நீதிமன்றம். நிறுவனம் அந்த வழக்கில் இன்னொரு கேடயத்தையும் நீட்டியது. இந்தச் சம்பள விகிதம் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தது என்றது. சட்டத்துக்கு முரணான ஒப்பந்தத்தைச் சங்கமே போட்டிருந்தாலும் செல்லாது என்று நீதிபதிகள் அதையும் ஒதுக்கினார்கள். தோழர்களே, அந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதியை உங்கள் சங்க அலுவலகங்களில் ஒருமுறை உரக்க வாசிக்கலாம்.

கட்டிங் திறமையான வேலை, செக்கிங் சாதாரண வேலை, அதனால் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்று உங்களில் பலர் இந்நேரம் நினைத்திருப்பீர்கள். கட்டிங்கின் திறமையை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. அடுக்கடுக்காக விரித்த துணியில் கத்தி அரை அங்குலம் விலகினால் அத்தனை அடுக்கும் வீண், விரலும் போகும். செக்கிங்கையும் அதே அளவு கிட்டப்போய்ப் பார்ப்போம். டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. பீஸை உள்புறம் திருப்பி, தோள் தையல், கை தையல், கழுத்து ரிப், அடிமடிப்பு என்று விரலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஊசி விட்டுத் தைத்த இடம், நூல் தொங்கும் பிசிறு, நிட்டிங்கில் விழுந்த ஓட்டை, எண்ணெய்க் கறை, சாய வித்தியாசம், இடம் மாறிப்போன சைஸ் லேபிள், எதுவும் தப்பக் கூடாது. சரிசெய்ய முடிந்தது ஒரு பக்கம், முடியாதது டேமேஜ் பக்கம். ஒரு பீஸுக்குக் கிடைப்பது சில வினாடிகள். காலை எட்டரைக்கு நின்றவர் சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் போக மாலைவரை நின்றபடியே இதைச் செய்கிறார். கழுத்தும் கண்ணும் இடுப்பும் என்ன ஆகும் என்பதை எந்த அடிச்சம்பளமும் கணக்கில் எடுக்கவில்லை.

அவர் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரு வேலையின் பொறுப்பை அளக்க அதைவிட நேரான வழி இல்லை. வெளிநாட்டு பையரின் கியூசி, அதாவது தரம் பார்ப்பவர், வந்து ஒட்டுமொத்த லாட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்டைப்பெட்டிகளிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் பீஸ்களை உருவிப் பார்க்கிறார். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் குறை தென்பட்டால் லாட் முழுவதும் ஃபெயில். பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி செக்கிங் செய்ய வேண்டும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். கட்டிங்கில் தவறினால் நஷ்டம் துணி. செக்கிங்கில் தவறினால் நஷ்டம் ஆர்டர். மதிப்பு என்று வரும்போது முன்னது மேலே, பின்னது கீழே என்ற முடிவை எந்தத் தராசில் எடுத்தோம்?

வரிசை போட்ட காலத்துக்குப் போனால் விடை கிடைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒரு காலத்தில் பெரும்பாலும் ஆண்களின் இடம். அன்று கைமடி என்பது பையன்கள் தொழிலுக்குள் நுழையும் வாசல். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்து, அவர் டீக்குப் போன நேரத்தில் மெஷினை மிதித்துப் பார்த்து, சில ஆண்டுகளில் தானும் டெய்லர் ஆவான். இன்னும் தைரியம் இருந்தால் நாலு மெஷின் போட்டு முதலாளியும் ஆவான். ஏறிப்போகப் போகிறவனுக்கான முதல் படி என்பதால் அதன் கூலி கைச்செலவுக் காசு அளவில் இருந்தது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது; வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் கான்ட்ராக்டுக்கும் சிதறியது; சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அவர்களை நிறுத்தியது அந்த முதல் படியில். படி இருந்தது, அதற்கு மேலே ஏற வைத்திருந்த ஏணியை எடுத்துவிட்டார்கள். இருபது வயதில் கைமடியாக வந்தவர் நாற்பதிலும் கைமடியாகவோ செக்கிங்கிலோ நிற்கிறார். பையனுக்குப் போட்ட விலையோ குடும்பத்தை இழுக்கும் பெண்ணுக்கும் அதே இடத்தில் நின்றுவிட்டது. பஞ்சாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம் இதன் இன்னும் கொடிய வடிவம். முழு வேலை பார்க்கும் பெண்களை மூன்று ஆண்டுக்குப் பயிற்சியாளர் என்று எழுதிவைத்து, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லிக் கூலியை அமுக்கினார்கள். அங்கே நீங்கள் கொதித்தீர்கள். பயிற்சிப் படியை ஆயுள் முழுவதும் நீட்டும் வேலை உங்கள் ஒப்பந்தத்தின் கீழ் வரிசைகளிலும் நடக்கிறது.

திறமை என்பது கையில் மட்டும் இருப்பதல்ல, பட்டியல் போடுபவர் மனசிலும் இருக்கிறது என்பதற்கு நம் தொழிலுக்கு நெருக்கமான சாட்சி இங்கிலாந்தில் உண்டு. 1968 ஜூனில் கிழக்கு லண்டனின் டேகனம் ஃபோர்டு கார் ஆலையில், இருக்கை உறை தைக்கும் 187 பெண்கள் மெஷினை நிறுத்தினார்கள். ஆலையின் புதிய தர வரிசையில் அவர்களைத் திறன் குறைந்த பி தரத்தில் போட்டிருந்தார்கள். அதிலும் அந்தத் தரத்தின் ஆண் கூலியில் 85 சதவீதம்தான். சி தரம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வேலைக்கு எடுக்கும்போது தையல் சோதனை வைத்துத்தான் எடுத்தார்கள், அப்படியென்றால் இது திறமை இல்லாத வேலையா என்று கேட்டார்கள். அமைச்சர் பார்பரா காசல் கூப்பிட்டுப் பேசினார். கூலி 92 சதவீதம் ஆனது. அந்தப் போராட்டம் 1970ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு வழி திறந்தது. உலகமே கொண்டாடும் வெற்றி. தர வரிசை மட்டும் அசையவில்லை. சட்டம் வந்து நடைமுறைக்கும் வந்த பிறகும் அவர்கள் திறன் குறைந்தவர்களாகவே இருந்தார்கள். 1984இல் மறுபடி வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அந்தத் தையல் திறமையான தையல் என்று எழுதப்பட்டது. சம்பளத்தை உயர்த்துவதைவிட வரிசையை மாற்றுவது எத்தனை கடினம் என்பதற்கு அந்தப் பதினாறு ஆண்டுகளே கணக்கு. டேகனத்தில் பெண்கள் தைத்ததால் தையல் கீழே நின்றது. திருப்பூரில் ஆண்கள் தைத்த காலத்தில் பட்டியல் போட்டதால் தையல் மேலே நிற்கிறது. ஊசியும் நூலும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அந்த மேல் இடமும் நிரந்தரம் இல்லை என்பதை ஆண் டெய்லர்களுக்குச் சொல்லி வையுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1950 முதல் 2000 வரையிலான அரை நூற்றாண்டை எடுத்து ஆராய்ந்த சமூகவியலாளர்கள், ஒரு தொழிலில் பெண்களின் பங்கு கூடும்போது அந்தத் தொழிலின் கூலி பின்தங்குவதைக் கண்டார்கள். படிப்பையும் அனுபவத்தையும் கழித்துப் பார்த்தாலும் அப்படியே. பெண்கள் வந்ததால் வேலையின் தரம் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. விலை போடுபவர்களின் பார்வைதான் குறைகிறது. பெண் டெய்லர்கள் பெருகிவரும் ஊரில், இது ஆண்களுக்கும் சேர்ந்த ஆபத்து.

இரண்டாவது மறுப்பு எனக்குத் தெரிந்து இதைவிட வலுவானது. கட்டிங்குக்கு வரச் சொன்னாலும் பெண்கள் வருவதில்லை, ராத்திரி நிற்க மாட்டார்கள், எட்டு மணி நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், இது அவர்கள் விருப்பம் என்பார்கள். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கூலி வித்தியாசத்தை ஆராய்ந்ததற்காக 2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் விரல் நீட்டுகிறார். பணக்கார நாடுகளில் இன்று மிஞ்சியிருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே, பிள்ளை பிறந்த பிறகு தோன்றுகிறது. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் நிற்கக் கூடியவருக்கு அளவுக்கு மீறிய பரிசு தரும் வேலை முறைதான் அதன் காரணம் என்கிறார். திருப்பூருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அதன் பெயர் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை நிற்பவரை வைத்துத்தான் ஒரு ஆளின் வாரச் சம்பளம் கணக்காகிறது. எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் தெரியும். சோறாக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் வேறு ஆள் இருக்கிறவர் நிற்கிறார், அந்த வேறு ஆளாகவே இருக்கிறவர் கிளம்புகிறார். அதை விருப்பம் என்று எழுதிக்கொள்வது கணக்கை முடிக்கும் அவசரம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று தொழிற்சாலைச் சட்டம் 1948 முதல் சொல்லிவந்ததை, ஒன்றரை ஷிப்டு என்ற வழக்கம் நம் கண்ணெதிரே ஓரங்கட்டிவிட்டது. அதைப் பழையபடி நிலைநிறுத்தினால் எட்டு மணி நேரத்தின் அடிச்சம்பளத்துக்குத் தானாகவே மரியாதை வரும். அது ஆண்களுக்கும் லாபம்தான்.

இரவு வேலைத் தடையைப் பொறுத்தவரை, பெண்களை மாலை 7 மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்ட விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ரத்து செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. தடை சட்டத்திலிருந்து போய்க் கால் நூற்றாண்டு ஆகிறது. பாதுகாப்பான வண்டி, கண்ணியமான கழிப்பறை, கை நீட்டாத சூப்பர்வைசர் ஆகியவை இன்னும் எல்லாக் கம்பெனிக்கும் வந்து சேரவில்லை. குழந்தைகள் காப்பகமும் அப்படித்தான். முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்பது பழைய விதி. பெண்ணை எடுத்தால் செலவு என்று முதலாளி நினைக்க அதுவே இடம் கொடுத்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறுச் சட்டத் திருத்தம் ஆணையும் பெண்ணையும் சேர்த்து எண்ணி 50 ஊழியர் இருந்தால் காப்பகம் என்று மாற்றியது நல்ல மாற்றம். கோரிக்கைப் பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, காசு. வங்கதேசமும் வியட்நாமும் வாசலில் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றதை ஊரே பார்த்தது. இந்த நேரத்தில் கீழ் வரிசைச் சம்பளத்தை மேலே தூக்கச் சொன்னால் தொழில் தாங்குமா? பயம் நியாயமானது. ஆனால் ஒரு தொழிலின் இக்கட்டைத் தாங்கும் பொறுப்பை அதில் ஆகக் குறைந்த கூலி வாங்குபவர்மேல் மட்டும் ஏற்றுவதற்கு அந்தப் பயம் காரணம் ஆகாது. மெக்கின்னன் வழக்கில் நிறுவனம் தன் பண நெருக்கடியைச் சொன்னபோதும், சம ஊதியம் தராமல் இருக்க அது சாக்கு ஆகாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. தள்ளிப்போட்டால் செலவு மிச்சம் என்பதும் பொய்க்கணக்கு. பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சியில் குப்பை அள்ளும் ஆண்களுக்கு போனஸ் கொடுத்தார்கள், அதே தரத்தில் மதிப்பிடப்பட்ட துப்புரவுப் பெண்களுக்கும் பள்ளிச் சமையல் உதவியாளர்களுக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் கொடுக்கவில்லை. வழக்கு மேல் வழக்காக நூறு கோடி பவுண்டுக்கு மேல் நிலுவை கொடுத்த பிறகும் பாக்கி தீரவில்லை. 2023 செப்டம்பரில் கையில் காசில்லை என்று அந்த மாநகராட்சி முறைப்படி அறிவித்ததற்கான காரணங்களில் இந்தப் பாக்கியும் ஒன்று. நாலு ஒப்பந்தங்களில் சிறிது சிறிதாகச் சரிசெய்வது ஒரே நாளில் கட்டுவதைவிட எந்தக் கம்பெனிக்கும் மலிவு.

ஆண்களின் கூலியைக் குறைத்துச் சமம் செய்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சமப்படுத்துவதற்காக எவருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்று 1976 சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஒப்பந்தச் சம்பளத்தையே பாதி யூனிட்டுகள் தருவதில்லை, பீஸ் ரேட்டும் கான்ட்ராக்டும்தான் ஆட்சி செய்கின்றன, அப்புறம் தாளில் வரிசையை மாற்றி என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். தாளுக்கு வெளியேயும் பேரம் தாளை வைத்துத்தான் நடக்கிறது. கான்ட்ராக்டர் ஒருவர் செக்கிங்குக்கு ஆள் கூப்பிடும்போது சொல்லும் தொகை, ஒப்பந்தத் தொகைக்குக் கொஞ்சம் மேலோ கீழோ அதை ஒட்டியே நிற்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்களுக்கும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அளவுகோல் கோணலாக இருந்தால் அதை மீறுபவனின் அளவும் கோணலாகத்தான் இருக்கும்.

உயர்வைச் சதவீதத்தில் கேட்கும் பழக்கத்தையும் யோசியுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு வேலைக்கு 500 ரூபாய், இன்னொன்றுக்கு 400 என்றால் இடைவெளி 100. இரண்டுக்கும் 20 சதவீதம் ஏற்றினால் 600, 480. இடைவெளி 120. எல்லாருக்கும் ஒரே உயர்வு என்று மாலை போட்டுக் கொண்டாடும்போதே பள்ளம் ஆழமாகிறது. கீழ் வரிசைகளுக்கு மட்டும் சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்த் தொகையைச் சேர்த்துக் கேட்டால் இது மூன்று நாலு ஒப்பந்தத்தில் அடங்கிவிடும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வேலையையும் பயிற்சி, பொறுப்பு, உடல் உழைப்பு, கண் உழைப்பு, வேலைச் சூழல் என்று பிரித்து மதிப்பெண் போடும் ஒரு கூட்டுக் குழு. அது கேட்டிராத புதுமை அல்ல. எந்தப் பெரிய ஏற்றுமதி கம்பெனியிலும் ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை வினாடி என்று ஐஈக்காரர்கள், அதாவது தொழிற்பொறியாளர்கள், அளந்து வைத்திருக்கிறார்கள். உற்பத்தியைப் பிழிய அளக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பை அளப்பதும் முடியும். கைமடியில் இத்தனை ஆண்டு இருந்தவருக்கு கம்பெனி செலவிலேயே ஓவர்லாக், பேட்லாக் மெஷின் பழகவும், கட்டிங்கில் உதவியாளராகச் சேரவும் உரிமை என்று ஒரு பிரிவு எழுதினால், எடுத்துவிட்ட ஏணி திரும்ப வரும்.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து பேசுவது என்பதில்தான் எனக்குச் சங்கடம். பேச்சுவார்த்தை முடிந்து பத்திரிகைகளில் வரும் படத்தைப் பாருங்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை ஆண்கள், இந்தப் பக்கமும் வெள்ளைச் சட்டை ஆண்கள். கொடியின் நிறம்தான் மாறுகிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். போனஸை 20 சதவீதத்திலிருந்து பாதியாக்கியபோது, தலைமுறைகளாகத் தேயிலை பறித்துவந்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிப்பது பெண்கள், அவர்களுக்காகப் பேசுவது ஆண்கள் என்று பழகிப்போன எல்லாச் சங்கங்களையும் அவர்கள் கிட்டவே சேர்க்கவில்லை. வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதத்தை வாங்கினார்கள். அந்தக் கோபத்தில் பாதி நிர்வாகத்தின் மேல், பாதி சங்கங்களின் மேல். பெண்களே தலைமை தாங்கும் சங்கங்கள் முளைத்து, வெளிநாட்டு பிராண்டுகளோடு நேரடியாக உடன்பாடு போடும் காலம் வந்துவிட்டது. 2022இன் திண்டுக்கல் உடன்பாடு அதற்குச் சாட்சி. அவர்களை உங்கள் மேசைக்குப் போட்டியாக நினைப்பதா, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது, உயர்வுச் சதவீதத்தை எழுதும் முன் வேலை வரிசையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேரே, அதில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று உங்கள் சொந்த உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளையும் கோரிக்கைப் பட்டியலோடு இணைத்து முதலாளிகளிடம் கொடுங்கள். ஒரு படியை ஊர் பார்க்கச் சங்க அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள். செக்கிங்கிலிருந்து ஒருவர், கைமடியிலிருந்து ஒருவர் கையெழுத்திடும் இடத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு எந்தச் சங்கமும் சம்மதிக்காது என்று எல்லாரும் சேர்ந்து முன்கூட்டியே அறிவியுங்கள். இதற்கு முதலாளிகளின் அனுமதி தேவையில்லை. உங்கள் செயற்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

தோழமையுடன்.